அவரவர் சாய்வு

ஜூன் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

கட்டுப் போட்ட இடக்கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணி, இந்தக் கை இனிமே மட்டையைப் பிடிக்குமா?" நான் போர்வையைச் சரிசெய்தேன். ஃபிளாஸ்கில் காபி இருக்கிறதா என்று பார்த்தேன். உன் அண்ணனை மருந்துச் சீட்டோடு கீழே அனுப்பினேன். பதில் மட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது எனக்குப் பதில் தெரியாது. நீயும் மறுபடி கேட்கவில்லை. உன் ஊருக்குப் போன பிறகு போனையும் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதில்: பிடிக்கும்.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. போன வாரம் உன் அண்ணனின் முழங்காலைக் காட்ட உன்னுடைய அதே எலும்பு டாக்டரிடம் போனோம். முழங்காலுக்கு ஐந்து நிமிஷம், உன் மணிக்கட்டுக்கு அரை மணி நேரம். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். உள்ளே வைத்த பிளேட் அப்படியே இருக்கலாமாம். கோல்ஃப் மட்டையைத் தாராளமாக வீசலாமாம். "எலும்பு ரெடி, அந்தம்மாதான் ரெடியில்ல" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், என்னைக் கோபிக்காதே.

அக்டோபரில் நம் கிளப்பின் ஜோடிப் போட்டி. போன வருஷம் போலவேதான்: இரண்டு பேருக்கும் ஒரே பந்து, நான் ஓர் அடி, நீ ஓர் அடி. ஆகஸ்ட் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும். செயலாளர் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுத மாட்டேன். வேறு யாருடைய பெயரையும் எழுதப் போவதுமில்லை.

இப்போதைக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் மர ஸ்கேல் ஒன்று வாங்கு. இடக்கை வாட்ச் பட்டைக்குள், மணிக்கட்டின் மேல்பக்கமாகச் செருகு. பாதி முன்கையின் மேல் கிடக்கட்டும், பாதி புறங்கையின் மேல். மட்டையைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு கையையும் வலத்தோள் பக்கமாக உயர்த்து. உச்சியில் நிறுத்து. மணிக்கட்டு பின்னால் மடிந்திருந்தால் ஸ்கேல் புறங்கையில் குத்தும். நேராக இருந்தால் முன்கையின் மேலும் புறங்கையின் மேலும் ஒன்றுபோல் படிந்து கிடக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பாய். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை இடக்கையில் பிடித்துப் பார். மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் மடித்தாலே உன் முகம் போய் மின்விசிறி தெரியும். மட்டையின் முகமும் அப்படித்தான், புறங்கை பார்க்கும் திசையைத்தான் அது பார்க்கும். உச்சியில் மணிக்கட்டு மடிந்தால் மட்டை திறந்துகொள்ளும். திறந்த மட்டை பந்தை வலப்பக்கம் துரத்தும். உன் பந்துகள் எந்தப் பக்கம் ஓடின என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்திரமாக இரு. இரண்டு வரியாவது எழுது.

உன் அண்ணி


ஜூன் 15

அண்ணிக்கு,

என் எக்ஸ்ரேயை நான் இல்லாத இடத்துல அரை மணி நேரம் பேசியிருக்கீங்க. ரொம்ப நல்லது. அடுத்த தடவை அண்ணனோட முழங்காலையும் கொஞ்சம் பேசிட்டு வாங்க, பாவம்.

போன் எடுக்காததுக்குக் காரணம் இருக்கு. போன்ல நீங்க குறுக்கே பேசுவீங்க. கடிதத்துல யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால இனிமே கடிதம் மட்டும்தான்.

முதல்ல என் பக்கத்தைச் சொல்லிடறேன். கடைசிக் குழி. நாம முன்னால இருந்தோம். குளத்தைத் தாண்டி அடிக்கணும், என் முறை. மட்டையைத் தோளுக்கு மேல கொண்டு போயிட்டேன். பின்னாலேருந்து "மணிக்கட்டு!"ன்னு ஒரு சத்தம். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற உங்க வகுப்பறைக் குரல். பந்து தண்ணிக்குள்ள போச்சு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, உங்களை இல்ல, என்னை. அந்த ஆத்திரத்துல பந்தைத் தேடறேன்னு கரையில இறங்கினேன். ஈரப் புல்லு. வழுக்கினப்போ இடக்கையை ஊன்றினேன். எலும்பு முறிஞ்சதுக்கு நீங்கதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாலதான் மத்ததெல்லாம் வரிசையா வந்துச்சு.

இப்போ இங்க நிலைமை என்னன்னு தெரியுமா? வாய்க்குள்ள விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி இருக்கே, அதை நான் இடக்கையிலதான் பிடிக்கணும். வலக்கையில கருவி. முந்தாநாள் ஒருத்தருக்குக் கடைவாய்ப் பல். நடுவுல என் விரலெல்லாம் தானா திறந்துக்கிச்சு. கண்ணாடி அவர் மோவாயில விழுந்துச்சு. வாயில பஞ்சை வச்சுக்கிட்டே அந்த மனுஷன் சொல்றார்: "டாக்டர், பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகல." யார் யாருக்குச் சொல்றது பாருங்க! இப்போ கடைவாய்ப் பல் எல்லாம் ஜூனியர் டாக்டர்கிட்ட போகுது. எனக்கு முன்பல் மட்டும். இப்படியே போனா வாசல்ல நின்னு வர்றவங்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலைதான் மிஞ்சும்.

பிசியோதெரபி செய்ற பெண் சொல்றா, கைக்கு வலு வந்தாச்சு, நம்பிக்கைதான் வரலையாம். அது எந்த மருந்துக்கடையில கிடைக்கும்னு கேட்டேன். அவ சிரிக்கல. "பயந்த வேலையையே செஞ்சு பாருங்க மேடம்"னா. யோசிச்சேன். கனமா ஒண்ணை வேகமா வீசி, அது எதுலயாவது மோதும்போதும் இந்தக் கை விடாம பிடிச்சிருந்தா, இது என் கைதான்னு நான் நம்புவேன். கண்ணாடியையும் நம்பிக் கொடுப்பேன். அதுக்காகத்தான் செய்யப் போறேன். போட்டிக்காக இல்ல, உங்களுக்காகவும் இல்ல.

ஸ்கேல் விஷயம். செய்ய முடியாதுன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனா நேத்தே செஞ்சாச்சு. ஸ்கேல் குத்தவே இல்ல. நான் வேணும்னே மடிச்சுப் பார்த்தாக்கூட மணிக்கட்டு பின்னால போகமாட்டேங்குது, உள்ள பிளேட் தடுக்குது. நான் தப்பா செய்றேனா, இல்ல கையே இனி அவ்வளவுதானா?

மாலை நோயாளி காத்திருக்கார். முன்பல்.


ஜூன் 24

டாக்டரம்மா,

கடைக்குப் போகப் பையோடு கிளம்பினவள், உன் கடிதத்தைக் கதவருகே நின்றபடியே படித்துவிட்டு, கடைக்குப் போகாமல் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் "என்ன வாங்கின?" என்று கேட்டார். "நல்ல செய்தி" என்றேன்.

நீ தப்பாகச் செய்யவில்லை. இந்த விளையாட்டில் உன் இடது மணிக்கட்டு எதைச் செய்யக் கூடாதோ அதைத்தான் பிளேட் தடுக்கிறது. எத்தனை மாசம் அந்த மடிப்போடு மல்லுக்கட்டினோம்! உனக்கு வேண்டியது இன்னொரு அசைவு: சுத்தியலைத் தூக்கும்போது கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு எழும்புகிறதே, அது. அது வலியில்லாமல் வருகிறதா என்று அந்தப் பெண்ணிடம் காட்டிக் கேள். வருகிறது என்றால் கையைப் பற்றிய கவலையை ஓரமாக வை.

உன் பக்கத்தையும் படித்தேன். வார்த்தை சரி, வைத்த இடம் சரியில்லை. இதற்கு மேல் எழுதினால் நான் என் கட்சி பேச ஆரம்பிப்பேன், பேனாவை இழுத்துப் பிடிக்கிறேன்.

அடுத்த பாடம், வீச்சுத் தளம். பயப்படாதே, பெயர்தான் பெரிசு. ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள். சக்கரம் படுத்தும் கிடக்கவில்லை, செங்குத்தாகவும் நிற்கவில்லை, சாய்ந்து நிற்கிறது. மட்டையின் தலை போகும் வழி அந்தச் சக்கரத்தின் விளிம்பு. அதன் அடிப்பகுதியில் பந்து, மேல்பகுதி உன் தோளுக்குப் பின்னால். போன வழியிலேயே திரும்பி வந்தால் பந்து நேராகப் போகும். திரும்பி வரும்போது சக்கரத்தை விட்டு வெளியே வந்தால், விறகு பிளக்கிற மாதிரி மேலேயிருந்து வெட்டுவாய்.

மொட்டை மாடியில் இதைச் செய். பந்தையும் அது போகவேண்டிய திசையையும் சேர்த்துத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. அந்தக் கோட்டின் மேலேயே, பந்துக்கு வலப்பக்கமாக, ஒரு மட்டை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி, மணல் நிரப்பிய பக்கெட்டை வை. அதில் ஒரு திரைச்சீலைக் கம்பியை நடு. கம்பி உன் பக்கமாகச் சாயட்டும். மட்டை இறங்கி வரும்போது கம்பிக்கு அடியில், அதை உரசாமல் வர வேண்டும். அவ்வளவுதான்.

சாய்வு எவ்வளவு? நான் நம் வீட்டு முற்றத்தில் கம்பியை நட்டு, பத்து நாள் வீசிப் பார்த்து, என் பழைய கரும்பலகைப் பாகைமானியால் அளந்தேன். தரையிலிருந்து ஐம்பத்தைந்து பாகை. கண்ணளவில் வைக்காதே, அளந்து வை.

அண்ணி


ஜூலை 9

அண்ணி,

கம்பி நட்டாச்சு, ஐம்பத்தைந்து பாகை. பாகைமானி வாங்கக் கடைக்குப் போனேன். "எத்தனாவது படிக்குது குழந்தை?"ன்னு கேட்டான். "ஐம்பத்திரண்டு வயசு ஆகுது குழந்தைக்கு"ன்னேன்.

சுத்தியல் அசைவு வருது. வலி இல்ல. பிசியோ பெண்ணுக்கு ஒரே சந்தோஷம், எனக்கும் ஒரு நாள் முழுக்க இருந்துச்சு. அதுக்கப்புறம் மாடிக்குப் போனேன்.

டங். இறங்கி வரும்போது கம்பியில மோதுது. மெதுவா வீசினா ஒண்ணுமில்ல, கொஞ்சம் வேகம் கூட்டினா டங். தினமும் காலையில கிளினிக் போறதுக்கு முன்னால அரை மணி நேரம் இதே கூத்து. கீழ் வீட்டுக்காரர் நேத்து மேல வந்துட்டார். "டாக்டரம்மா, மாடியில ஸ்கூல் ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா, மணி அடிக்கிற சத்தம் கேட்குதே?" ஆமா சார், எங்க அண்ணிதான் ஹெட்மிஸ்ட்ரஸ், தபால்ல பாடம் நடத்தறாங்கன்னு சொன்னேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கிட்டே இறங்கிப் போனார்.

சிரிக்கத்தான் எழுதறேன், ஆனா ஒரு விஷயம் சிரிப்பா இல்ல. கம்பியில படற ஒவ்வொரு தடவையும் இடக்கை விரல் திறந்துக்குது. வலி இல்ல. அதிர்ச்சிதான். கை என்னைக் கேட்கிறதே இல்ல, அதுவா விட்டுடுது.

ஆனா நான் விடப் போறதில்ல. இதுல தோத்தா அப்புறம் கண்ணாடியையும் தொட மாட்டேன், அது எனக்கு நல்லாத் தெரியும். என்ன தப்பு செய்றேன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.


ஜூலை 17

டாக்டரம்மா,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மோதுகிறது என்றால் நீ மேலேயிருந்து வெட்டுகிறாய். பழைய பழக்கம். இறங்கும்போது வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக் கொண்டுவா. முழங்காலை இன்னும் கொஞ்சம் மடி. கையைத் தாழ்த்திப் பிடி. கம்பியின் சாய்வை மறுபடி அளந்து பார். மணலில் நட்டது ஆடி அசைந்திருக்கும். நான் இங்கே தினமும் அதே சாய்வில் வீசுகிறேன், ஒரு தடவைகூடப் படவில்லை. ஆகவே கம்பியில் குற்றமில்லை. ஐம்பத்தைந்து என்றால் ஐம்பத்தைந்துதான் இருக்க வேண்டும்.

பொறுமையாகச் செய். நீ செய்துவிடுவாய்.

அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணிக்கு,

நீங்க சொன்னபடி எல்லாம் செஞ்சேன். முழங்கையை ஒட்டினேன், முழங்காலை மடிச்சேன், கையைத் தாழ்த்தினேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பல்லைப் பிடுங்கக் குனிஞ்ச நான் நிமிர முடியாம நின்னேன், நோயாளி எழுந்து என்னைப் பிடிச்சுவிட்டார்.

இன்னிக்குக் காலையில முழு வேகத்துல வீசினேன். டங்குன்னு பட்டுச்சு. கை திறந்துச்சு. மட்டை பறந்து போய் தண்ணித் தொட்டிக்குப் பின்னால விழுந்துச்சு. யார் மேலயும் படல. வெறுங்கையோட நின்னேன் அண்ணி. கரையில வழுக்கினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு. கிளினிக் போய் இன்னிக்கு முன்பல்லைக்கூட ஜூனியர்கிட்ட கொடுத்துட்டேன்.

கைக்கு நம்பிக்கை வரும்னு ஆரம்பிச்சேன். இருந்த கொஞ்சநஞ்சமும் போயிட்டிருக்கு. செயலாளர்கிட்ட வேற யார் பேரையாவது கொடுத்துடுங்க. கம்பியைக் கழுவி ஜன்னல்லயே மாட்டிட்டேன். திரைச்சீலை நல்லாத் தொங்குது. அதுக்குத்தான் அந்தக் கம்பி செஞ்சிருக்காங்க.

எனக்கு உங்க மேல கோபம் இல்ல. களைப்புதான்.


ஆகஸ்ட் 2

டாக்டரம்மா,

அவசரம். இதைப் படித்தவுடன் மாடிக்குப் போய்க் கம்பியைக் கழற்று.

இன்று காலை நான் முற்றத்தில் வீசிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் செய்தித்தாளோடு வந்தார். மட்டையை இதுவரை தொட்டே பார்க்காதவர், உனக்குத் தெரியும். "என் தங்கச்சியை மாடியில நிக்க வச்சு இதைத்தான் செய்யச் சொல்றியா? இங்க கொடு, என்னன்னு பார்க்கிறேன்" என்றார்.

"முழங்காலோட வேண்டாம்."

"முழங்காலால யாரும் அடிக்கப் போறதில்ல, கொடு."

கொடுத்தேன். எப்படி நிற்க வேண்டும் என்று காட்டினேன். நின்றார், தூக்கினார், வீசினார். டங்! கம்பி ஒரு பக்கம், பக்கெட் ஒரு பக்கம், மணல் என் காலில், பூந்தொட்டி இரண்டாக. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்: "இதென்ன கம்பி? குள்ளக் கம்பி! உன் உயரத்துக்கு நட்டு வச்சுட்டு ஊரையே அதுக்கடியில குனிஞ்சு போகச் சொல்றியே!"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தொட்டியைப் பொறுக்கும்போதுதான் உறைத்தது. அவரை மறுபடி நிற்க வைத்தேன். கம்பி இல்லாமல், அவர் போக்கில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, அவர் பிடித்திருந்த மட்டையின் சாய்வை அளந்தேன். அறுபத்திரண்டு பாகை. என்னுடையது ஐம்பத்தைந்து. நீ உன் அண்ணனைவிட உயரத்தில் நாலு விரல்தான் குறைவு. என் தலை உன் தோளுக்குத்தான் வரும். கல்யாண போட்டோவிலேயே எல்லாரும் சொன்னார்கள், உங்கள் குடும்பம் வேலி, நான் அதில் ஒரு குட்டை கேட் என்று.

உயரமானவர்கள் பந்துக்குக் கொஞ்சம் கிட்டே, நிமிர்ந்து நிற்பார்கள். அவர்கள் சக்கரம் செங்குத்தாகச் சாயும். குள்ளமானவர்கள் தள்ளி நிற்பார்கள், சக்கரம் படுத்துச் சாயும். என் அளவில் தைத்த சட்டையை உனக்கு அனுப்பிவிட்டு, பொத்தான் சேரவில்லை என்று உன்னையே மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ மேலேயிருந்து வெட்டவே இல்லை. உன் வழியில் சரியாகத்தான் வந்தாய், அந்த வழியில் நான் கம்பியை நட்டிருந்தேன்.

இப்போது பாகைமானி வேண்டாம். கம்பி இல்லாத இடத்தில் போய் நில். இரண்டு கையும் தோளிலிருந்து தாமாகத் தொங்கட்டும். தொங்குகிற இடத்தில் மட்டையைப் பிடி. முழங்காலைப் பூட்டாதே, அளவுக்கு மீறி மடக்கவும் வேண்டாம். அப்படியே அசையாமல் நின்றுகொண்டு, கிளினிக் நர்ஸைக் கூப்பிட்டு, உன் மட்டையின் தண்டு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் கம்பியை நடச் சொல். கம்பிக்குப் பழைய துண்டைச் சுற்றிக் கட்டு. அப்போது பட்டாலும் கை அதிராது.

செய்துவிட்டு எழுது. நான் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில்தான் இருப்பேன்.

அண்ணி


ஆகஸ்ட் 14

அண்ணி,

உங்க கடிதமும் என் கடிதமும் வழியில எங்கயோ ஒண்ணை ஒண்ணு பார்க்காம தாண்டிப் போயிருக்கு. என்னோடதைப் படிச்சுட்டு நீங்க சாப்பிடாம இருந்தீங்கன்னு அண்ணன் தனியா எனக்குக் கார்டு போட்டிருக்கார். "பூந்தொட்டிக்கு நான்தான் காரணம், ஆனா கம்பியைக் கண்டுபிடிச்சதும் நான்தான்"னும் எழுதியிருக்கார். இனிமே அவரை வீட்ல கையில பிடிக்க முடியாது, ஜாக்கிரதை.

திரைச்சீலையை மறுபடி கழட்டினேன். எதிர்வீட்டுக்காரங்க ஒரு வாரமா நான் சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டிருக்காங்க. தினமும் காலையில கிளினிக் சாவி வாங்க மாடிக்கு வர்ற நர்ஸ்தான் கம்பி நட்டா. நட்டுட்டு, "இதுக்கா மேடம் இவ்வளவு நாள் குனிஞ்சு குனிஞ்சு நின்னீங்க, ஒட்டகம் தண்ணி குடிக்கிற மாதிரி இருந்துச்சு"ன்னா. முன்னாலயே சொல்லக் கூடாதாடின்னு கேட்டேன். இதுவும் வைத்தியம்னு நினைச்சாளாம்.

மெதுவா வீசினேன். சத்தம் இல்ல. கொஞ்சம் வேகமா. சத்தம் இல்ல. முழு வேகம். மட்டை கம்பிக்கு அடியில போய், பந்து இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி, இடத்தோளுக்கு மேல போய் நின்னுச்சு. நான் நிமிர்ந்து நின்னுக்கிட்டிருந்தேன் அண்ணி. இடுப்பு வலிக்கல. கீழ் வீட்டுக்காரர் கவலையாகி வந்து கேட்டார், "ஸ்கூல் லீவா?"

ஞாயித்துக்கிழமை ஊருக்கு வெளியில இருக்கிற பயிற்சி மைதானத்துக்குப் போனேன். நிஜப் பந்து. முதல் பந்துக்குக் கை திறந்துக்கிச்சு, பந்து எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். பக்கத்துல அடிச்சவர் பார்க்காத மாதிரி பார்த்தார். வீட்டுக்குப் போயிடலாம்னு ஒரு மனசு. போனா திங்கக்கிழமை கிளினிக்ல எந்தப் பல்லைப் பார்ப்பேன்னு இன்னொரு மனசு. பந்துக் கூடை காலியாகற வரைக்கும் போறதில்லன்னு உட்கார்ந்து, கையை உதறி, திரும்ப எழுந்தேன்.

கூடை பாதி காலியானப்போ ஒரு பந்து. மோதினது இடக்கை வழியா முழங்கை வரைக்கும், தோள் வரைக்கும் வந்துச்சு. விரல் திறக்கல. பந்து கொஞ்சம் இடப்பக்கமா போச்சு, எனக்கு அதைப் பத்திக் கவலையே இல்ல. மட்டை இன்னும் என் கையிலதான் இருக்கான்னு நான் என் கையைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறமும் பல தடவை திறந்துச்சு, சில தடவை பிடிச்சுச்சு. சில தடவை பிடிச்சதை வச்சுக்கிட்டு நேத்து ஜூனியர்கிட்ட சொன்னேன், அந்தக் கடைவாய்ப் பல்லை எனக்கு விடுங்கன்னு. பார்த்தேன். முடிச்சேன். கண்ணாடி ஆடுச்சு, ஆனா விழல.

அதனால, ஆகஸ்ட் முடியல இல்ல? என் பேரை எழுதுங்க. எனக்காகத்தான்னு முன்னால எழுதினேன். இப்போ உங்களுக்காகவும்னு வச்சுக்கங்க. ஒரு நிபந்தனை: மட்டை என் தோளுக்கு மேல இருக்கும்போது நீங்க பேசக் கூடாது. இருமக்கூடக் கூடாது. முன்னால சொல்லுங்க, பின்னால சொல்லுங்க, எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கை திறக்கிறது மோதின பிறகு இல்ல, மோதறதுக்குக் கொஞ்சம் முன்னாலயே. பந்து கண்ணுல பட்டாலே கை முந்திக்குது. கம்பியும் இல்ல, வலியும் இல்ல, அப்புறம் ஏன்? சொல்லுங்க டீச்சர்.


ஆகஸ்ட் 22

என் டாக்டரம்மாவுக்கு,

கடிதம் வந்த அன்றே கிளப்புக்குப் போய்ப் பெயர் எழுதிவிட்டேன். உன் பெயரை முதலில், என் பெயரை இரண்டாவதாக. செயலாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?" என்றார். "எழுதிக்கிறோம்" என்றேன்.

நிபந்தனை சம்மதம். இருமல் வந்தால் புதருக்குப் பின்னால் போய் இருமிக்கொள்கிறேன்.

நான் ஒரு முடிவு எடுக்க நினைத்து, எடுக்காமல் உன்னைக் கேட்கிறேன். இந்தப் போட்டியில் ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவர் ஆரம்பிக்க வேண்டும், இரட்டைப்படைக் குழிகளில் மற்றவர். யார் எது என்பது நம் இஷ்டம். கடைசிக் குழியான பதினெட்டாவது இரட்டைப்படை, அதன் முதல் அடியே குளத்தைத் தாண்டுவதுதான். நான் அதை எடுத்துக்கொண்டால் குளத்தைத் தாண்டும் அடி உனக்கு வராது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "அவகிட்ட அப்படிக் கேட்டுப் பாரு, உன் காதைக் கடிச்சுத் துப்புவா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீ வேண்டாம் என்று எழுதாவிட்டால் குளம் உன்னுடையது. பந்து எங்கே போனாலும் அடுத்த அடி என்னுடையது. தண்ணீரில் போட்டாலும், புதரில் போட்டாலும், அங்கிருந்து நான் அடிப்பேன் அல்லது விதிப்படி வெளியே எடுத்து வைத்து அடிப்பேன். ஜோடி என்றால் அதுதானே.

இப்போது உன் கேள்வி. இருட்டில் மாடிப்படி இறங்கியிருக்கிறாய் அல்லவா? படிகள் முடிந்துவிட்டனவா, இன்னும் ஒன்று இருக்கிறதா என்று தெரியாதபோது, தரையைத் தொடுவதற்கு முன்பே கால் விறைத்துக்கொள்ளும். தரை ஒன்றும் செய்யவில்லை. கால்தான் தரையை எதிர்பார்த்துப் பயப்படுகிறது. உன் கையும் அப்படித்தான், பந்தை எதிர்பார்க்கிறது. மோதப்போகிறது, மோதப்போகிறது என்று அது ஒரு கணம் முன்னதாகவே வேலையை முடித்துவிட்டு விலகிக்கொள்கிறது. அதைத் திட்டிப் பயனில்லை. பந்துக்கு அப்பாலும் வேலை இருக்கிறது என்று அதற்குத் தெரியப்படுத்த வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்த முறை என் அளவு எதுவும் இதில் கிடையாது, உன் காதுதான் அளவு. மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, கனமான தலைக்கு அருகே பிடித்து வீசினால், மெல்லிய முனை காற்றைக் கிழிக்கிற சத்தம் நன்றாகக் கேட்கும். மட்டை எங்கே அதிக வேகமாகப் போகிறதோ அங்கேதான் சத்தம் வரும். வலக்காலுக்கு எதிரே சத்தம் கேட்டால், கை பந்துக்கு முன்பே வேகத்தைச் செலவழித்துவிட்டது என்று அர்த்தம். இடக்காலுக்கு எதிரே கேட்டால், பயந்த இடத்தை அது தனக்கே தெரியாமல் தாண்டிப் போய்விட்டது. நான் இங்கே செய்து பார்த்தேன். எனக்கும் முதலில் வலப்பக்கம்தான் கேட்டது.

இது கிடைத்த மறுநாள் காலை, கிளினிக் திறப்பதற்கு முன், மாடியில் சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மட்டையைத் தலைகீழாக இடக்கையில் மட்டும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் இடக்காலுக்கு எதிரே கேட்கும்வரை வீசு.